இரண்டரை கிராமுக்கு மேல்

மார்லிஸ் டைக்ரோப் எங்கள் பக்கத்து மரம் வெட்டும் முகாம்களில் வெகுகாலம் சமையல்காரியாக இருந்தவள். ஒரு முகாம் முழுவதற்கும் ஒற்றை ஆளாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சமையற்கூடத்துப் படியில் நின்று ஒரே ஒரு சிகரெட் பிடிப்பாள். அவள் சுடும் பட்டைத்தூள் ரொட்டிச் சுருளுக்காகவே சம்பளம் குறைந்த முகாமுக்கு மாறிப் போன ஆட்கள் உண்டு. ஒரு குளிர்காலம் நானும் போனேன். பிறகு நான் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரிக்கு வந்துவிட்டேன். இன்றுவரை அதுதான் என் பிழைப்பு.

அந்தப் படியில்தான் அவள் விழுந்தாள். மார்ச் மாதம், பகலில் உருகியது மாலையில் கண்ணாடியாக உறைந்திருந்தது. தோளில் உருளைக்கிழங்கு மூட்டை. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அடி. அறுவை சிகிச்சை செய்தார்கள், வலி போகவில்லை. எங்கள் ஊர் டாக்டர் அபின் வகை வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், கேட்டால் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே எழுதுவார். அவர் ஓய்வு பெற்றுக் கடலோரம் போனபின் அந்த நாற்காலியில் நிரந்தரமாக யாரும் உட்காரவில்லை. அவ்வப்போது வந்துபோன ஒரு இளம் டாக்டர் அவள் கோப்பைப் பார்த்துப் பயந்துபோய் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினார்.

"வலி நிக்கலையே டாக்டர்" என்றாளாம் மார்லிஸ்.

"மாத்திரை நின்னாகணும்" என்றாராம் அவர்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் வாங்க ஆரம்பித்தாள். தெரு என்பது வாய்ப்பழக்கம். எங்கள் பெல்லமி க்ரீக்கில் தெரு என்று இருப்பதே ஒன்றுதான், அதுவும் நெடுஞ்சாலைதான். முதலில் யாருடைய அலமாரியிலிருந்தோ களவு போன மாத்திரைகள் வந்தன. பிறகு மாத்திரை போலவே அச்சடித்த போலிகள். கடைசியில் ஒளிவுமறைவு எதற்கு என்று பொடியாகவே வந்தது. ஃபென்டனில், அளவு துளி கூடினாலும் மூச்சை நிறுத்திவிடும் சரக்கு. அதற்குள் முகாம் வேலை போய்விட்டது. ஊர்க்கோடியில் எங்கள் டிரெய்லர் வீடுகள் இருக்கும் மைதானத்துக்குக் குடிவந்தாள். ரொட்டி விநியோகம் செய்த பழைய வேன் ஒன்று அவளிடம் இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரைப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தாள். மழை நாளில் ஈரத்தில் அந்த எழுத்து மறுபடி தெரியும்.

அவளை ஊருக்கு வேறு விதமாகத் தெரியவைத்தது வில்ஃப் ஹனிகர். மரம் வெட்டியே தோள் இரண்டும் தேய்ந்துபோன ஆள், வாய் மட்டும் தேயாதவன். ஒரு மதியம் பெட்ரோல் பங்க் கழிப்பறையில் உள்ளே தாழ் போட்டபடி விழுந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்துவிட்டது. காசு கட்ட வந்த மார்லிஸ் கதவை ஒரு பக்கம் பெயர்த்து உள்ளே போனாள். நகரத்து மருத்துவமனையில் இலவசமாகத் தரும் கறுப்பு ஜிப் பை அவளிடம் இருந்தது. போதை மூச்சை நிறுத்தினால் அதை முறிக்கும் நலாக்சோன் ஊசியும், வாயோடு வாய் ஊதுவதற்கு ஒரு மூடியும் அதில் இருக்கும். தலையை நிமிர்த்தி ஊதினாள். பேன்ட்டுக்கு மேலேயே தொடையில் குத்தினாள். மறுபடி ஊதினாள். கடைசியில் அவன் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

"யாருடி நீ? என் பேன்ட்ட எதுக்குடி ஓட்டை போட்ட?"

"செத்துக் கெடந்தடா நீ."

"உன்னை யாருடி கூப்பிட்டா? வாங்கின சரக்கு அத்தனையும் வீணாப் போச்சே!"

மார்லிஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாசலில் நின்ற பங்க் பெண்ணிடம் சொன்னாள்: "திட்டுறான். அப்ப நல்லாத்தான் இருக்கான். ஒரு காப்பி குடும்மா அவனுக்கு."

மறுவாரம் வில்ஃப் காட்டுமான் இறைச்சி ஒரு தொடை கொண்டுவந்து அவள் வாசலில் வைத்தான். அதற்கு அடுத்த மாதம் பக்கத்து டிரெய்லருக்கே குடிவந்துவிட்டான். அவர்களுக்குள் வேறு உறவு ஒன்றும் இல்லை. ஒருவர் போடும்போது மற்றவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் தனியாகச் செத்தவர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியக்கூடாது என்று.

மார்லிஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்துக்கு மாதத்தில் இரண்டு தடவை போய்வருவாள். போகும் வழியெல்லாம் லாரிகள். குளிர்காலத்தில் என் லாரிக்குப் பின்னாலேயே அவள் வேன் ஊர்ந்து வரும். அங்கே ஒரு சிறிய கிளினிக்கில் வெர்னா என்றொரு நர்ஸ் இருந்தாள். அவள் கறுப்புப் பைகளும் புது ஊசிகளும், பொடியைச் சூடாக்கிப் புகைப்பதற்கான அலுமினியத் தாள்களும் பெட்டி பெட்டியாக வேனில் ஏற்றி விடுவாள். மார்லிஸ் அவற்றைப் பள்ளத்தாக்கு முழுவதும் கொண்டுபோய்க் கொடுப்பாள். பண்ணை வீடுகளின் பின்கதவு, மூடிப்போன மில்லுக்குப் பின்னால் இருக்கும் குடிசைகள், இரண்டு பாதிரியார்களின் வீடு உட்பட. பையோடு ஒரு ரொட்டிச் சுருளும் இருக்கும். யாரையும் பார்த்து விட்டுவிடு என்று அவள் சொன்னதில்லை. "எனக்கே முடியல, உனக்கு என்னத்தச் சொல்றது" என்பாள்.

ஊர் சபையிடம் ஒரு அறை கேட்டாள். பழைய நூலகத்தின் பின்னறை காலியாகத்தான் கிடந்தது. வாரத்தில் ஒரு நாள், உட்கார நாலு நாற்காலி, வெர்னா மாதம் ஒருமுறை வந்து பார்ப்பாள் என்றாள். அதற்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். அத்தனை பேர் பள்ளிக்கூட விழாவுக்குக்கூட வந்ததில்லை.

"இந்த ஊர்ல அப்படிப்பட்டவங்களே கெடையாது" என்றார் சபைத் தலைவர். "நாமளா எதுக்கு வரவழைக்கணும்?"

"குப்பைத் தொட்டிய மூடாம வெச்சா கரடி வருதா இல்லையா?" என்றார் பின்னால் இருந்து ஒருவர். "ஊசி கொடுத்தா ஊசிக்காரன் வருவான்."

கை தட்டினார்கள். மார்லிஸ் நின்றுகொண்டே அந்த மன்றத்தை ஒரு முறை பார்த்தாள். யார் வீட்டுப் பின்கதவை எந்தக் கிழமை தட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை தட்டியவர்களிலேயே சில கதவுகள் இருந்தன. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வில்ஃப் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "சொல்லியிருக்கலாமேடி! மூணாவது வரிசைல அந்தாளு உக்காந்து அந்தத் தட்டு தட்டுறான், அவன் மருமகன்..."

"பேரச் சொல்லிட்டா அப்புறம் எவன்டா கதவத் தொறப்பான்?" என்றாள் அவள். அதோடு அந்த அறைப் பேச்சு முடிந்தது.

இதற்குப் பிறகுதான் சட்டம் மாறியது. எங்கள் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று வருஷத்துக்குச் சோதனையாக, சொந்த உபயோகத்துக்கு இரண்டரை கிராம் வரை போதைப்பொருள் வைத்திருந்தால் கைது இல்லை, பறிமுதலும் இல்லை. வானொலியில் கேட்ட அன்று வில்ஃப் ஏதோ தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி மைதானம் முழுக்கச் சுற்றி வந்தான்.

"லாயிட், கேட்டியா?" என்றான் என்னிடம். "நான் இனிமே குற்றவாளி இல்லையாம். நோயாளியாம். பதவி உயர்வு கொடுத்திருக்காங்க!"

மார்லிஸ் சிரிக்கவில்லை. அவளுக்குக் கணக்கு உதைத்தது. "நகரத்துல இருக்கறவன் காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் வாங்கிக்குவான். அவனுக்கு அது போதும். நாம பாலையே மாசத்துக்குச் சேத்து வாங்கி உறைய வைக்கிறவங்க. பனி கொட்டினா ரோடு மூடிக்கும். ரெண்டரையை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

வெர்னாவிடமும் கேட்டிருக்கிறாள். "அளவு பத்தாதுன்னு நாங்க எல்லாரும் சொன்னோம் மார்லிஸ், கேக்கல" என்றாளாம் வெர்னா.

ஆனாலும் முன்னைவிடப் பயம் கொஞ்சம் குறைந்தது உண்மை. உணவு விடுதியில் பரிமாறும் நடீன் பொட்வின் அந்த வருஷம்தான் மார்லிஸின் டிரெய்லருக்கு வர ஆரம்பித்தாள். ஆறு வயசுப் பெண் குழந்தைக்குத் தாய். கார் விபத்தில் இடுப்பு நொறுங்கி, அதிலிருந்து பழகியவள். அதுவரை விடுதியின் பின்னால் காரில் உட்கார்ந்து தனியாகப் புகைத்தவள். போலீஸுக்குத் தெரிந்தால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். இப்போது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வில்ஃப் அவளைச் சிரிக்க வைப்பான்.

மூன்று பேருக்கும் சேர்த்து மார்லிஸே நகரத்தில் வாங்கினாள். ஒரே ஆளிடம், எப்போதும் அவனிடம்தான். வாங்கியதில் ஒரு சிட்டிகையை வெர்னாவிடம் கொடுத்தால், கிளினிக்கில் இருக்கும் கருவியில் வைத்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்வாள். மார்லிஸ் வந்து மற்றவர்களிடம் சொல்வாள்: "இந்தத் தடவை வேகம் ஜாஸ்தி. எப்பவும் எடுக்கறதுல பாதி. வில்ஃப், உன்னத்தான் சொல்றேன்." அந்தக் காலம் முழுவதும் எங்கள் ஊரில் சாவு இல்லை. அந்த நிம்மதி இருந்தது அவ்வளவு நாள்தான்.

அக்டோபரில், குளிர்கால டயர் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கக் கணவாயின் அடியில் போலீஸார் வண்டிகளை நிறுத்துவார்கள். மார்லிஸின் வேனில் பின்சக்கரம் இரண்டும் மொட்டை. ஸ்ட்ராட் என்ற போலீஸ்காரர் பார்த்தார். எங்கள் ஊரில் பல வருஷம் இருந்தவர், கெட்டவர் இல்லை. எதிர்ப்பக்கம் என் லாரியில் மணல் ஏற்றிக்கொண்டிருந்ததால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"மார்லிஸ், இந்த டயரோட வீடு போய்ச் சேர மாட்டீங்க. பின்னாடி என்ன, பாரம் ஏதாவதா?"

"கிளினிக் பெட்டிங்க."

"இந்த சீட்டுக்கடியில?"

அவர் குனிந்து எடுத்தார். சின்னச் சின்னப் பொட்டலமாக, நன்றாகவே கட்டியிருந்தாள்.

"ரெண்டரைக்கு மேல இருக்கேம்மா."

"மூணு பேரோடதுங்க. மாசத்துக்கு."

"தனித்தனியாக் கட்டியிருக்கீங்க. விக்கறதுக்குக் கட்டினதுன்னு சொல்லுவாங்க."

"அளவுக்கு மேல எடுத்துடக் கூடாதுன்னுதான் கட்டினேன். உங்களுக்குத் தெரியாதா?"

ஸ்ட்ராட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

வியாபார நோக்கத்தோடு வைத்திருந்ததாக வழக்கு. வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், உள்ளே இருந்த கறுப்புப் பைகள் அனைத்தோடும். ஜாமீன் கிடைத்தது. ஆனால் போதை உபயோகிக்கும் யாரோடும் பேசக்கூடாது, ஊசி, தாள் முதலான சாமான் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று நிபந்தனை. எங்கள் ஊரில் அவளோடு பழகியவர்கள் எல்லாரும் உபயோகிக்கிறவர்கள்தான். நான் ஒருவன்தான் மிச்சம்.

வில்ஃபின் டிரெய்லர் பத்தடி தள்ளி இருந்தது. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். காலையில் வாசலுக்கு வந்து தன் நாயிடம் சத்தமாகப் பேசுவான். "டேய், அந்தப் பொம்பளை சாப்பிட்டாளான்னு தெரியல. நாம அவகிட்ட கேக்கக் கூடாது. சட்டம்." மார்லிஸ் துணி உலர்த்தும் கயிற்றைப் பார்த்துப் பதில் சொல்வாள்: "சாப்பிட்டாச்சு. ஒரு கெழட்டு நாய் ஒழுங்காச் சாப்பிடலன்னு கேள்விப்பட்டேன்." "உன்னத்தான்டா சொல்றா" என்று அவன் நாயைத் தட்டுவான். நாய் வாலை ஆட்டும். கொஞ்ச காலம் அதைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போவதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மோட்டலுக்கு ஒரு புது ஆள் வந்து அறை எடுத்திருந்தான். தெற்கிலிருந்து வந்தவன், யாருக்கும் பெயர் தெரியாது. வேன் இல்லை, நகரம் இல்லை, வெர்னா இல்லை. வேறு யாரிடம் வாங்குவார்கள்?

பழைய பயம் திரும்பி, மைதானத்துக்கு வருவதையே நிறுத்தியிருந்த நடீன் முதலில் போனாள். நவம்பரில் ஒரு மதியம், விடுதியில் கூட்டம் அடங்கிய நேரம். தட்டு ஆறிக்கொண்டிருக்கிறது என்று சமையல்காரன் தேடிப்போனான். பழையபடி பின்னால் காரில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் கருகிய தாள், மூச்சு இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையை அவள் அக்கா வந்து எட்மன்டனுக்கு அழைத்துப்போனாள். அடக்கத்துக்கு மார்லிஸ் போக முடியவில்லை. வருகிறவர்களில் யார் உபயோகிக்கிறவர், யார் இல்லை என்று எப்படித் தெரியும்? வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். அன்று முழுவதும் ரொட்டிச் சுருள் சுட்டுக்கொண்டே இருந்தாள். அதை என்னிடம் கொடுத்து மாதா கோயில் மேஜையில் வைக்கச் சொன்னாள். யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பாதித் தட்டு அப்படியே திரும்பி வந்தது.

வில்ஃபிடம் நானே சொன்னேன், தனியாகப் போடாதே என்று.

"யாரக் கூப்பிடறது? உன்னையா? நீ ரோட்டுல இருப்ப. நாய்க்கு ஊத வராது" என்றான்.

ஜனவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி நின்ற காலை. நான் மைதானத்துக்குள் வழி தள்ளிக்கொண்டு வந்தேன். வில்ஃப் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. உள்ளே நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அவன் கதவு திறந்து கிடந்தது. மார்லிஸ் எனக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தாள், இரவு உடுப்போடு, செருப்பில்லாமல் பனியைத் தாண்டி. நிபந்தனையை மீறி மாவு டப்பாவுக்குள் ஒரே ஒரு கறுப்புப் பையை ஒளித்து வைத்திருந்தாள் போல. அதிலிருந்த ஊசி எல்லாம் தரையில் காலியாகக் கிடந்தன. அவள் முட்டி போட்டு அவன் வாயில் ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். வழியத் தள்ளு லாயிட். வழியத் தள்ளு!"

தள்ளினேன். நெடுஞ்சாலை வரை அகலமாகத் தள்ளிவிட்டேன். எங்கள் ஊருக்கு இருப்பது ஒரு ஆம்புலன்ஸ், அது கணவாயில் கவிழ்ந்த லாரிக்குப் போயிருந்தது. நான் திரும்பி வந்தபோதும் அவள் ஊதிக்கொண்டுதான் இருந்தாள். நான் அவன் கையைத் தொட்டேன். விறைத்திருந்தது.

"போதும் மார்லிஸ்."

"நெஞ்சு ஏறுது பாரு. ஏறுது."

"நீ ஊதறதுனால ஏறுது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவளைத் தூக்கித்தான் விலக்க வேண்டியிருந்தது.

கூடவே போலீஸும் வந்தது. ஸ்ட்ராட்டை அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த பெண் போலீஸ் மரியாதையாகத்தான் பேசினாள். உபயோகிப்பவர் வீட்டுக்குள் போனது, பை வைத்திருந்தது, இரண்டும் ஜாமீன் மீறல். "உயிரக் காப்பாத்தப் போனேன்னு கோர்ட்டுல சொல்லுங்க மேடம்" என்றாள். மார்லிஸ் கோர்ட்டில் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள். தீர்ப்பு வரும்வரை உள்ளே வைத்தார்கள். வில்ஃபை அடக்கம் செய்தபோது நானும் அவன் நாயும் பங்க் பெண்ணும் இருந்தோம். வெர்னா நகரத்திலிருந்து காரோட்டிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தாள். வீட்டுக்காவல், மருந்துக்கு மட்டும் வெளியே போக அனுமதி, பிறகு கண்காணிப்பு. சிறையில் போதைக்குப் பதிலாக உடம்பின் ஏக்கத்தை அடக்கும் மருந்து ஒன்று தினமும் கொடுத்தார்களாம், உடம்பு சரியாக இருந்தது என்றாள். வெளியே வந்தால் அந்த மருந்தைத் தினமும் ஒரு மருந்துக்கடைக்காரர் எதிரில் விழுங்க வேண்டும். எங்கள் ஊர் மருந்துக்கடை வைத்துக்கொள்ள மறுத்துவிட்டது. நகரத்துக்குத் தினமும் போக வேன் இல்லை, பேருந்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நான் முடிந்த நாளெல்லாம் அழைத்துப்போனேன். பனிக்காலம் வந்ததும் முடியவில்லை. அவள் பழையதற்குத் திரும்பினாள். முன்பு தாங்கிய அளவை உடம்பு இப்போது தாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மூன்று வருஷச் சோதனையும் முடிந்தது. நீட்டிக்கவில்லை. வானொலியில் வானிலைக்கு முன்னால் சொன்னார்கள். பங்கில் நின்றிருந்த ஒருவர், "இனிமே ஊர் சுத்தமாயிடும்" என்றார். சிலர் தலையாட்டினார்கள். நான் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

போன மாதம் நகரத்துக்குப் போனபோது மருந்துக்கடையில் ஒரு கறுப்புப் பை கேட்டேன். "உங்களுக்கா சார்?" என்றாள் அந்தப் பெண், என் வயதைப் பார்த்து. ஆமாம் என்றேன். மார்லிஸின் மேஜையில் வைத்து ஜிப்பைத் திறந்தேன். அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொன்னாள். என் விரல்கள் தடிமன். மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்கும்போது குப்பியே நொறுங்கிவிட்டது.

"கட்டையா அறுக்கற? மெல்லடா. முதல்ல மூச்சு, அப்புறம் ஊசி. ஊசிய மறந்தாலும் மூச்ச மறக்காத."

"சரி."

"எத்தன நேரம் ஊதுவ?"

"நீ சொல்ற வரைக்கும்."

"நான் எங்கடா சொல்லப் போறேன்" என்று சிரித்தாள்.

கதவைத் தாழ் போடுவதில்லை என்று சொல்லியிருக்கிறாள். பை என் லாரியில் இருக்கையின் பின்னால் தொங்குகிறது. வேலைக்குக் கிளம்பும் முன் அவள் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். அவளுக்கு வலி அதிகமாகிப் பொடி தேவைப்படுவது முற்பகலில். அந்த நேரத்தில் நான் கணவாயின் உச்சியில் இருப்பேன். அங்கே தொலைபேசி எடுக்காது.